மஞ்சள் காமாலை என்று நான் சொன்ன வருஷம்

ஜெசி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த விதத்திலேயே நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். திரும்பக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் பேச்சு என்று வந்தால் நான் நடுவில் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். இருபத்தாறு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவனுக்கு அது பழகிப்போன வேலை. சில்லறை இல்லை என்று முறைக்கிறவரிடமும், இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று சத்தம் போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடத் தெரியும். உன்னிடமும் இத்தனை வருடம் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதும்போது நகர முடியவில்லை.

அன்று சர்ச்சில் காலைப் பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயர், அருள் பெயர், இரண்டு பேருடைய அப்பா அம்மா பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது, பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அது தடை அல்ல, ஆனால் அதை மறைத்தது நான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் ஓசூரிலிருந்து உன் போன் வந்தது.

“அப்பா, அருள் வூட்ல அன்னைக்குக் கேட்டாங்கல்ல, நடுவுல ஒரு வருஷம் எங்க போச்சுன்னு. அத நீங்களே போயி சரி பண்ணிடுங்க.”

“அதான் சொல்லியாச்சே கண்ணு, காமாலைன்னு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. கல்யாணம் முடியட்டும்.”

“பத்து வருஷமா இதையேதான் சொல்றீங்கப்பா. நான் சொல்லிட்டா நீங்க பொய் சொன்னதா ஆயிடும். அதுக்குத்தான் உங்களையே சொல்லச் சொல்றேன்.”

நீ போனை வைத்துவிட்டாய்.

நீ சொல்லும் அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து அவர்கள் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அருளின் அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கொடுத்த பயோடேட்டா தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். பத்தாவது முடித்த வருடத்தையும் பன்னிரண்டாவது முடித்த வருடத்தையும் விரல் வைத்து எண்ணிவிட்டு, “பாப்பாவுக்கு இடையில ஒரு வருஷம் விட்டுப் போயிருக்குதுங்களே?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான், “மஞ்சள் காமாலைங்க. ரொம்ப முத்திருச்சு. அந்த வருஷம் பூராவும் போயிருச்சு” என்றேன். நீ காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். வெட்கப்பட்டுக்கொண்டு போகிறாய் என்று அவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இந்த வாரம் முழுவதும் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அதில் பாதி உனக்குத் தெரியாது. பத்தாவது ரிசல்ட் வந்த அன்று நான் காரிமங்கலம் ட்ரிப்பில் இருந்தேன். நம் ஊர்ப் பள்ளியில் நீதான் முதல் என்று உன் அறிவியல் டீச்சர் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாகச் சொன்னார். டிரைவர் பெருமாள் ஹாரனை விடாமல் அடித்தார். சந்தை நாள், பஸ் நிறைய ஆள். யாரோ ஒருவர், “அப்புறமென்னங்க, டாக்டர் அப்பா ஆயிட்டீங்க” என்றார். தருமபுரி போய்ச் சேரும்வரை நான் அந்த வார்த்தையைத்தான் மனசுக்குள் திருப்பிக்கொண்டிருந்தேன். மருத்துவக் கல்லூரி ஸ்டாப்பில் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிற பெண் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை டிக்கெட் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணிலும் உன் முகத்தை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளி மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளி, அங்கே சேர்ந்தால் மருத்துவ சீட்டு உறுதி என்று பயணிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. பத்து நாளில் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

பத்தாவது வரை தமிழில் படித்த பிள்ளை. அங்கே எல்லாம் ஆங்கிலம். அந்தக் காலத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கிடையாது என்பதால், பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலேயே நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் தொடங்கினார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். நீ இரண்டாவது ஞாயிறே என்னிடம் சொல்லிவிட்டாய். வார்டன் போனிலிருந்து பத்து நிமிடம் பேசலாம். என் நம்பர்தான் கொடுத்திருந்தோம், நம் வீட்டில் இருந்ததே அந்த ஒரு போன்தான். ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ட்யூட்டி இருக்கும். படிக்கட்டில் நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“அப்பா, எனக்கு ஒன்னுமே வெளங்கலப்பா. அவங்க சொல்றத எழுதிக்கறேன். ஆனா நான் என்ன எழுதறேன்னே எனக்குத் தெரியல.”

“மொதல்ல அப்படித்தான் இருக்கும் பாப்பா. போகப் போகச் சரியாயிடும்.”

“அம்மாகிட்ட பேசணும்ப்பா.”

“நான் பஸ்ல இருக்கேன்ல. அடுத்த வாரம் வூட்ல இருக்கறப்ப பேசலாம்.”

அடுத்த வாரமும் நான் பஸ்ஸில்தான் இருந்தேன். அதற்கடுத்த வாரமும். ட்யூட்டி மாற்றிக்கொள்ள முடியாமல் இல்லை. ஒரு ஞாயிறு வீட்டில் போனை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நீ அம்மாவிடம் அழுதால், அவள் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும், “பாப்பா என்னங்க சொன்னா?” என்று அவள் கேட்பாள். “நல்லா படிக்கறாளாம், சாப்பாடு நல்லா இருக்குதாம்” என்பேன். ஆறு மாதம் இப்படி நடந்தது. இதை நான் உன் அம்மாவிடம் முதல் தடவையாகச் சொன்னது இந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் பிளஸ் ஒன் போனவன். பத்தாவதில் நல்ல மார்க், அறிவியல் பிரிவில் சேர்த்தார்கள். தமிழிலேயே நடத்தினார்கள், இருந்தும் இரண்டாவது மாதத்தில் எல்லாம் கைவிட்டுப் போனது. பத்தாவது வரை ஒரு பாடத்தை நாலு தடவை வாசித்தால் மனதில் நின்றுவிடும். அங்கே நாற்பது தடவை வாசித்தாலும் கணக்கு வேறு மாதிரி வந்தது. வாத்தியார் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பி, “புரிஞ்சுதா?” என்று கேட்கும்போது, எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஒரு நாள் போகாமல் நின்றுவிட்டேன். காட்டில் விவசாய வேலைக்கு ஆள் இல்லை, அப்பாதான் நிறுத்திவிட்டார் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உன் அம்மாவைக் கட்டும்போதும் அதையேதான் சொன்னேன். ஒன்றும் விளங்கவில்லை என்று நீ போனில் சொன்னபோது, அது என்ன என்று உலகத்தில் யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும், ஜெசி. தெரிந்ததனால்தான் கேட்க முடியவில்லை. நீயும் என்னைப் போலப் பாதியில் திரும்பி வந்துவிடுவாயோ என்ற பயத்தில் உன் வாயை அடைத்தேன்.

அக்டோபரில் பள்ளியிலிருந்து என்னை வரச் சொன்னார்கள். மார்க்கை வைத்து வகுப்பு பிரித்து, உன்னைக் கடைசி வகுப்பில் போட்டிருந்தார்கள். இப்படியே போனால் எங்கள் பள்ளிக்கு ஒத்துவராது என்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெற்றோரைப் பார்க்கும் ஷெட்டில் நீ வந்து நின்றாய். முகம் சின்னதாகி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. “இதப் பாருங்கப்பா” என்று நீட்டினாய். இயற்பியல் பாடம் முழுவதையும், ஒவ்வொரு வரியையும் நீயே அகராதி பார்த்துத் தமிழில் எழுதியிருந்தாய். பாடத்தைத் தமிழாக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டு பாடம் முன்னால் போய்விடுகிறார்கள் என்றாய். அவ்வளவு உழைப்பு. நான் அதை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “இதுக்கெல்லாம் எதுக்கு நேரத்த வீணாக்கற? இருக்கறத அப்படியே மனப்பாடம் பண்ணு” என்றேன். பிறகு, “பஸ்ல எல்லாரும் உன்னப் பத்திதான் கேக்கறாங்க. என் மானத்த வாங்கிடாத” என்றும் சொன்னேன். நீ நோட்டைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாய்.

பொங்கல் விடுமுறை முடிந்து உன்னைத் தருமபுரி பேருந்து நிலையத்தில் சேலம் பஸ் ஏற்றிவிட்டு நான் வேலைக்குப் போனேன். பகல் இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து போன், “உங்க பொண்ணு வந்து சேரலீங்களே” என்று. பெருமாளிடம் சொல்லிவிட்டு டிக்கெட் பையைக் கழற்றிக் கொடுத்தேன். பேருந்து நிலையம், ரயில் நிலையம், உன் தோழிகள் வீடு என்று இரண்டு மணி நேரம் ஓடினேன். ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. நாலு மணிக்கு ஒரு பெண்மணி கூப்பிட்டார். “ஏங்க, ஜெசிந்தா அப்பாவுங்களா? பதறாதீங்க. பொண்ணு பெரியாஸ்பத்திரியிலதான் இருக்குது. நான் இங்க நர்ஸுங்க.”

புறநோயாளிகள் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பஸ் கிளம்பும் முன்பே இறங்கிவிட்டாய் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாய் என்பதை உன் அம்மாவிடம் பிறகு சொல்லியிருக்கிறாய். அந்த நர்ஸம்மா என்னைத் தூணோரம் கூட்டிப்போய்ப் பேசினார்.

“காலையிலேயே சீட்டு வாங்கியிருக்குதுங்க. தலவலின்னு மாத்தர வாங்கிட்டு, வூட்டுக்குப் போவாம இங்கயே இருந்துச்சு. நான் போயிக் கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? படிச்சது எதுவும் மண்டையில நிக்கலீங்க சிஸ்டர், இதுக்கு எந்த டாக்டரப் பாக்கணும்னு கேட்டுச்சு.”

நான் தரையைப் பார்த்தேன்.

“வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்கூலுக்கு இல்லீங்க, வூட்டுக்கு. நல்லாத் தூங்கட்டும். ஒரு வாரம் கழிச்சு இங்க கூட்டிட்டு வாங்க, பேசறதுக்கு டாக்டர் இருக்காங்க” என்று அந்த ஓ.பி. சீட்டின் பின்னால் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். சரிங்க சிஸ்டர் என்று தலையாட்டி, சீட்டை உன் பையிலேயே போட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை உன்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். கடிதத்தில் இந்த வரியை எழுதத்தான் மூன்று நாளாகக் கை வரவில்லை. பஸ் தொப்பூர் கணவாயைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “நான் கெட்ட பொண்ணாப்பா?” என்று கேட்டாய். “கெட்ட பொண்ணுன்னு யாரு சொன்னா? மார்க் எடு, அது போதும்” என்றேன். அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, தருமபுரி பஸ் பிடித்திருக்கலாம். பத்து வருடமாக அந்த வழியாக எப்போது போனாலும் நான் மனசுக்குள் இறங்கி ரோட்டைத் தாண்டுகிறேன்.

மார்ச்சில் மறுபடி கூப்பிட்டார்கள். ஆண்டுத் தேர்வில் எல்லாத் தாளிலும் பெயரும் எண்ணும் மட்டும் எழுதியிருந்தாய். இயற்பியல் தாளில் மட்டும் ஒவ்வொரு கேள்வியையும் அழகான கையெழுத்தில் தமிழில் மாற்றி எழுதி, பதிலுக்கு இடம் விட்டு வைத்திருந்தாய். டிசியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்த உன்னைப் பார்த்து உன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். மறுநாள் காலை பஸ்ஸில், “பாப்பா வந்திருச்சாமே, என்னாச்சுங்க?” என்று பெருமாள் கேட்டார். “காமாலைங்க” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. சாயங்காலத்துக்குள் காரிமங்கலம் வரை தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் பாலக்கோட்டிலிருந்து உன் அத்தை வந்தார். என் அக்கா நல்ல மனசுக்காரி. காட்டிலெல்லாம் தேடிக் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து, அரைத்து மோரில் கலக்கி உன் முன்னால் நீட்டினார். “வெறும் வயித்துல குடிக்கணும் சாமி, ஏழு நாளைக்கு” என்றார். உனக்குக் காமாலை இல்லை என்று நம் மூவருக்கும் தெரியும். அம்மா என்னைப் பார்த்தாள். நீயும் என்னைப் பார்த்தாய். நான், “குடி பாப்பா” என்றேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே முழு டம்ளரையும் குடித்தாய். ஏழு நாளும் குடித்தாய். நான் சொன்ன பொய்க்கு நீ மருந்து சாப்பிட்டாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன்னை மீட்டது நான் இல்லை. உன் பையில் மடித்திருந்த ஓ.பி. சீட்டை அம்மா துணி துவைக்கும்போது கண்டெடுத்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டாள். மனநல டாக்டரிடம் போக வேண்டும் என்று வந்து சொன்னபோது நான் கத்தினேன். “நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா என்ன சொல்றது?” என்றேன். உன் அம்மா என்னை எதிர்த்துப் பேசிய நாட்களை எண்ணிவிடலாம். அன்றைக்குக் குரலை உயர்த்தாமல் சொன்னாள், “உசுரோட இருந்தாத்தானுங்க கல்யாணம்.” அதன் பிறகும் நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் பஸ்ஸில் வராதீர்கள், யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது என்றேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்கள் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்று போனீர்கள்.

ஜூலையில் ஒரு நாள், காரிமங்கலம் அரசுப் பள்ளியில் தமிழிலேயே மறுபடி பதினொன்றாம் வகுப்பு சேர்கிறேன் என்று நீயாகச் சொன்னாய். அம்மாதான் கூட வந்தாள். போன வருடம் என்ன செய்தாய் என்று தலைமையாசிரியை கேட்டாராம். அம்மா என் பொய்யைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ, “வேற ஸ்கூல்ல சேந்தேன் மிஸ். பாடம் புரியல. ஒடம்புக்கும் முடியாமப் போச்சு, நின்னுட்டேன்” என்றாயாம். அவர், “சரி, இங்க புரியலன்னா கையத் தூக்கு” என்று சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாராம். பதினாறு வயதில் நீ சொன்ன அந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அங்கேயும் ஒன்றும் சுலபமாக இருக்கவில்லை. முதல் தேர்வில் இயற்பியலில் தோற்றாய். அந்தத் தாளை மறைக்காமல் டிவி மேலேயே வைத்திருந்தாய். ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். ஆனால் கையைத் தூக்கினாய். சாயங்காலம் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை அவளுக்கு நடத்துவாய். எட்டாவதோடு நின்றவள் அவள். “ஏன் அது அப்படி வருது?” என்று வெள்ளந்தியாக ஏதாவது கேட்பாள். உனக்குப் பதில் தெரியாவிட்டால் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு மறுநாள் டீச்சரிடம் கேட்பாய். நான் வெளியே கை கால் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் விட்டுவிட்டு வந்த கணக்கு ஒன்று எனக்கு அப்படித்தான் விளங்கியது. உள்ளே வந்து அதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த இரண்டு வருடமும் நீ என் பஸ்ஸில் ஒரு நாள்கூட ஏறவில்லை. எட்டு மணிக்கு நம் ஸ்டாப்பில் என் பஸ் நிற்கும். நீ பையோடு அங்கேயே நிற்பாய். “பாப்பா ஏறலீங்களா?” என்று பெருமாள் முதல் வாரம் முழுவதும் கேட்டார். “கவர்ன்மென்ட் பஸ்லதான் பாஸ் செல்லும்” என்றேன். அது உண்மைதான். ஆனால் மழை கொட்டிய நாட்களிலும், டவுன் பஸ் வராத நாட்களிலும் நீ குடைக்குள் நின்றபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் பஸ்ஸில் வராதே என்று சொன்னவன் நான்தானே. ஒரு தடவை இறங்கி வந்து கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பாயோ என்னவோ. விசில் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

அதன் பிறகு நீ பிளஸ் டூவில் தேறியது, கல்லூரியில் வேதியியல் படித்தது, ஓசூரில் மருந்து கம்பெனிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் நல்லபடியாக நடந்தது. அதை வைத்து, பார், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் நாள் வரும். உன்னிடம் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் தவறிலிருந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். பத்தாவதில் முதலாக வந்த பிள்ளைதான் பதினொன்றில் அதிகம் பயப்படும். தோற்றுப் பழக்கம் இல்லாததால் அதற்கு யாரிடமும் கேட்கத் தெரியாது. முதல் சில மாதங்கள் மார்க்கைக் கேட்காதே, எது விளங்கவில்லை என்று கேள். விளங்கவில்லை என்று பிள்ளை சொல்லும் அன்று கையிலிருக்கும் வேலையைக் கீழே போட்டுவிட்டுக் கேள். நான் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைப் போன்களைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை. “அவ கேட்டப்ப எங்கிட்ட ஒரு நாளாவது குடுத்திருக்கலாமில்லீங்க” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி போனேன். அருளின் அம்மா பத்திரிகை விஷயமாக வந்திருப்பதாக நினைத்து நாற்காலி போட்டார். அருள் நைட் ஷிப்ட் முடித்து வந்து வீட்டில்தான் இருந்தார். உட்காராமலேயே சொன்னேன்.

“சம்பந்தியம்மா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யுங்க. எம் பொண்ணுக்குக் காமாலையெல்லாம் வல்ல.”

விடுதிப் பள்ளி, போன், நோட்டு, ஆஸ்பத்திரி, நான் திரும்பக் கொண்டுபோய் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அருளின் அம்மா, “மாத்தர குடுத்தாங்களா?” என்று கேட்டார்.

“குடுத்தாங்க. ஆறு மாசம் சாப்புட்டா. அப்புறம் டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாங்க. சீட்டெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“அது வேணாங்க, வைங்க” என்றார். பிறகு, “நான் யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்து உள்ளே போனார்.

அருள் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். “எனக்குத் தெரியும் மாமா. பேச ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே ஜெசி சொல்லிட்டா. அம்மாகிட்ட மட்டும் நீங்க வந்து சொல்லணும்னு காத்துட்டு இருந்தா” என்றார். நீ காத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அம்மா கூப்பிட்டார். கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கட்டும் என்றார். நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் நிறுத்தி, “உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கஷ்டப்பட்டு மேல வந்த புள்ள. வருத்தம் உங்க மேலதான். அது போறதுக்கு நாளாகும்” என்றார்.

“அது சரிதானுங்க” என்றேன்.

அத்தைக்கும் பெருமாளுக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுவேன். ஊரில் மற்றவர்கள் கேட்டால் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். அந்த வருஷம் உன்னுடையது. இத்தனை நாள் அதற்கு நான் ஒரு பெயர் வைத்து, என் வசதிக்கு வைத்திருந்தேன். எனக்குப் பதில் எழுத வேண்டும் என்றோ, போன் செய்ய வேண்டும் என்றோ கேட்கமாட்டேன். தொப்பூர் தாண்டி நீ என்னைக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லை சாமி. நீ கெட்ட பொண்ணு இல்லை. உதவி வேண்டும் என்று தெரிந்து, தனியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற பொண்ணு. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

அப்பா